இருவாச்சி ஏன் தன்னையே பொந்துக்குள் அடைத்துக்கொள்கிறது?

ஆனைமலைக் காட்டில் முட்டையிடும் காலம் வந்ததும், பெரிய இருவாச்சியின் பெட்டை மரப்பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நுழையுமளவு கீறல்தான் மிச்சம். மரநாயும் இடம்பிடிக்க வரும் பிற இருவாச்சிகளும் உள்ளே நுழையாமலிருக்கவே இந்தக் காவல்.

மாதக்கணக்கில் அதற்குச் சோறு போடுவது ஆண்தான். தொண்டை நிறைய அத்திப்பழம் சுமந்துவந்து, தலையை உதறி உதறி ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து ஊட்டும் பொறுமை வியக்கவைக்கிறது. உள்ளே பெட்டை பழைய இறகுகளை உதிர்த்துப் புதிது வளர்த்துக்கொள்கிறது. அது வெளியேறியபின் குஞ்சே வாசலை மறுபடி பூசும்!

இருவாச்சி விழுங்கிய பழங்களின் விதைகள் தொலைதூரத்தில் விழுந்து முளைக்கின்றன; இப்படி அது காட்டில் மரம் வளர்க்கிறது. ஆனால் கூட்டுக்காக மரத்தைக் குடைய அதனால் முடியாது. இயற்கையாகப் பொந்து விழுந்த முதுமரம்தான் வேண்டும். அப்படி ஒரு மரத்தை வெட்டினால், ஆண்டுதோறும் அதையே தேடிவரும் இணை கூடிழந்து நிற்கும்.