ஏரிக்குள்ள பொக்லைன் இறங்கும் முன்னாடி

துறையூர்க்காரங்களுக்குப் பெரிய ஏரி, சின்ன ஏரி ரெண்டுமே பழக்கம். அதுமாதிரி ஏரிகள் கோடையில் வறண்டால் வண்டல் எடுப்பாங்க. வயலுக்கு உரமண், ஏரிக்கு ஆழம், ரெண்டும் கிடைக்கும். ஆனா எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைத் தோண்டும் முன்பே பிளானில் போட்டிருக்கணும்.

காலேஜ் சர்வே லேபில் வாசல்படியை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்போம். ஏரியில் அது பத்தாது. நம்ம பெஞ்ச் மார்க்கை மதகின் அடிமட்டத்தோடும் கலிங்கின் மேல்மட்டத்தோடும் இணைத்தே ஆகணும். மதகு அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வாய்க்காலில் ஏறாது. அதற்குக் கீழே பெரிய பள்ளம் போட்டால், மழை வந்ததும் முதலில் அந்தப் பள்ளம்தான் நிரம்பும். மழை குறைஞ்ச வருஷத்தில் மதகு வரை தண்ணீர் எட்டாமலே போகலாம். பேப்பரில் கொள்ளளவு கூடியிருக்கும், கடைமடை விவசாயிக்கு ஒண்ணும் வராது. நிலத்தடி நீருக்கும் ஆடுமாடுக்கும் உதவும், உண்மைதான். ஆனா அது தெரிந்தே எடுக்கிற முடிவா இருக்கணும்.

இது புது யோசனை இல்லை. 1883-ல் சென்னை மாகாணத்தில் ஏரி சீரமைப்புத் திட்டம் தொடங்கியபோது, ஏரி ஏரியாக அளந்து மதகு, கலிங்கு, முழு நீர்மட்டம் எல்லாம் குறிப்பேட்டில் எழுதினாங்க.

அடுத்தது கிரிட். 20 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து ஸ்டாஃப் ரீடிங் எடுங்க. சோம்பல் பட்டால் என்ன ஆகும்? ஒரு ஹெக்டேரில் சராசரி மட்டம் 5 செ.மீ. தப்பினால் 500 கன மீட்டர் தப்பு. யூனிட் கணக்கில் ஏறக்குறைய 177, மூணு யூனிட் டிப்பரில் 59 லோடு! லோடை எண்ணிச் சரிபார்க்கலாம் என்று நினைக்காதீங்க. தோண்டிய மண் உப்பும், அதனால் லாரி அளவும் குழி அளவும் ஒத்துப்போகாது.

கரை ஓரம் தொடவே கூடாது. அடிப்பகுதியில் மண் போனால் கரை சரியும். எத்தனை மீட்டர் தள்ளித் தோண்டணும் என்று அனுமதி ஆணையில் சொல்லியிருக்கும், அந்தக் கோட்டைப் பிளானில் சிவப்பில் போட்டுவிட்டு, தரையிலும் முளைக்குச்சி அடிச்சிடுங்க. பொக்லைன் டிரைவர் பிளானைப் பார்க்க மாட்டார், குச்சியைத்தான் பார்ப்பார்.

வண்டலுக்கு அடியில் இருக்கிற களிமண் படலத்தை முழுசா கிழித்துவிட்டால் தண்ணீர் நிற்கும் நாள் குறையும். அதனால சில இடங்களில் சோதனைக் குழி போட்டு, வண்டல் எவ்வளவு தடிமன் என்று குறுக்குவெட்டுப் படத்தில் காட்டணும். குழியின் பக்கங்கள் செங்குத்தா நிற்கக் கூடாது, சரிவா இருக்கணும். தண்ணீர் நிரம்பிய பிறகு குளிக்க இறங்கும் பசங்களுக்கு அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. டிப்பர் போகும் பாதையையும் வரையுங்க. ஊருக்குள்ளே போனால் தார்ப்பாய் மூடணும், தினமும் தண்ணீர் தெளிக்கணும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, அதே பெஞ்ச் மார்க்கில் இருந்து அதே புள்ளிகளில் மறுபடி ரீடிங். புள்ளி மாறினால் ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வைத்துப் பார்க்க முடியாது.