கெமராவும் அனுமதி கேட்க வேண்டும்



பிறர் வீட்டினுள் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி பெறுதல் சூரத்துந் நூர் நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்காகும். அண்டை வீட்டுத் திரைச்சீலையை விலக்கிப் பார்க்க நாணும் நாம், நம் பிள்ளை பாடம் கற்கும் கருவியின் கெமரா நமது அறையினுள் எதனைப் பார்க்கின்றது என்று வினவியதுண்டா?

2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லண்ட் அரச பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் மாணவர் ஒருவர் வீட்டிலிருந்தே பரீட்சைக்குத் தோற்றினார். தொடங்குமுன், தமது படுக்கையறையைக் கெமராவினால் சுற்றிக் காட்டுமாறு அவர் பணிக்கப்பட்டார். அறையில் அந்தரங்க ஆவணங்கள் கிடந்தன. அவற்றை ஒதுக்கி வைக்க அவகாசம் இருக்கவில்லை. காட்சி பதிவாகியது. பின்னர் அவர் வழக்குத் தொடர்ந்தார். மோசடியைத் தடுப்பதே நோக்கம் எனப் பல்கலைக்கழகம் வாதிட்டது. எனினும், அது அந்நாட்டு அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்துக்கு முரணான சோதனை என 2022 ஓகஸ்டில் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பரீட்சை மோசடி ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் சூரத்துல் ஹுஜுராத் தடுத்தே இருக்கின்றது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஆகுமாக்க முடியாது.

இச்சுமை எல்லோர் தோளிலும் ஒரே அளவாக விழுவதுமில்லை. தனியறை உள்ள மாணவனுக்கு இது சிறு தொல்லை மாத்திரமே. ஓரறை வீட்டிலோ, தலை மறைக்காத தாயும் விளையாடும் தம்பியும் கெமராவில் விழுகின்றனர். குறுக்கே கேட்கும் பேச்சொலியும் சந்தேகமாகப் பதியப்படலாம். நெதர்லாந்தில் கருநிற மாணவி ஒருவர், மென்பொருள் தமது முகத்தைக் கண்டுகொள்ளவில்லை என்றும், முகத்தின் மீது விளக்கைப் பாய்ச்ச நேர்ந்தது என்றும் முறையிட்டார். அவர் விடயத்தில் பாகுபாடு நிகழவில்லை என 2023இல் முடிவாகியது. ஆயினும் விளக்கைத் தேடி ஓடியவர் அவரே!

சிறு பிள்ளைகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. ஹியூமன் ரைட்ஸ் வொச் அமைப்பு, கொவிட் காலத்தில் 49 நாடுகள் பயன்படுத்திய 164 கற்றல் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, அவற்றுள் 146 பிள்ளைகளின் உரிமைகளுக்குப் பங்கம் விளைவிக்கக்கூடிய விதத்தில் தகவல்களைக் கையாண்டதாக 2022இல் அறிவித்தது. பலவற்றில் அத்தகவல்கள் விளம்பர நிறுவனங்களைச் சென்றடைந்தன.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாப்பாவின் ஒரே கையடக்கத் தொலைபேசியில் பிள்ளைகள் முறைவைத்துப் படித்த வீடுகள் நம்மிடையே எத்தனை! அத்தொலைபேசியிலேயே உம்மாவின் புகைப்படங்களும் உறவினர் இலக்கங்களும் இருக்கின்றன. ஆகவே செயலி ஒன்று இருப்பிடத்தையும் தொடர்பிலக்கங்களையும் கேட்டால் மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் பாடம் திறக்க மறுக்குமாயின், அதனை ஆசிரியரிடம் கொண்டு சென்று காரணம் கேளுங்கள்.