ஷூவைக் கவ்வும் பெடல்: நகரச் சாலைக்கு எது பொருந்தும்?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையின் டீக்கடைகளில் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றியபடி சைக்கிளிலிருந்து இறங்கி வருகிறவர்களின் காலடியில் ‘டக், டக்’. ஷூவின் அடியில் திருகியிருக்கும் ‘கிளீட்’ தரையில் படும் ஒலி அது. பெடலில் உள்ள ஸ்பிரிங் இந்தக் கிளீட்டைக் கவ்விக்கொள்ளும்; குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். வாரம் ஒருநாள் மாமல்லபுரம் வரை போய்வருகிறவர்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்தான் யோசிக்கிறார்: நமக்கும் இது தேவையா?

கடையில் விசாரித்தால் முதலில் வேகத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். பெடலைக் கீழே அழுத்தும்போது மட்டுமின்றி மேலே இழுக்கும்போதும் பலம் கிடைக்கும், மிதி வீணாகாது என்பது வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. தாமஸ் கார்ஃப் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிள் வீரர்களைப் பெடலை மேலே இழுத்து மிதிக்கச் சொன்னபோது, உடல் செலவிட்ட சக்திக்குக் கிடைத்த பலன் குறைந்துதான் போனது. அடுத்த ஆண்டு வெளியான மோர்னியூ குழுவினரின் ஆய்விலோ, ஒரே சீராக மிதிக்கும்போது சாதாரணப் பெடலுக்கும் கவ்வும் பெடலுக்கும் சக்திச் செலவில் சொல்லும்படியான வித்தியாசம் தென்படவில்லை.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது, வேறு விதத்தில். மழையில் கால் வழுக்காது. வேகத்தடையிலோ பள்ளத்திலோ சக்கரம் தூக்கிப்போடும்போது பாதம் பெடலைவிட்டு எகிறாது. ஒவ்வொரு மிதியிலும் பாதம் அதே இடத்தில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுகிறவருக்கு இவை பெரிய விஷயம். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர், நடுவே பத்து சிக்னல் என்று போகிறவருக்கு இதற்காகப் பணம் செலவழிக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மேற்பரப்பில் சிறு ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும் அகலமான தட்டைப் பெடலும், ரப்பர் அடி கொண்ட ஷூவும் அவருக்குத் தாராளமாகப் போதும். அந்த ஆணிகள் ஒருமுறை முழங்காலுக்குக் கீழே உரசினால் தோலைப் பெயர்த்துவிடும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இனி, வாங்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு.

பந்தயமும் மலையும்

அந்தக் காலப் பந்தய வீரர்கள் பெடலில் இரும்புக் கூண்டு மாட்டி, காலைத் தோல் வாரால் இறுக்கிக்கொள்வார்கள். இறங்க வேண்டுமென்றால் குனிந்து வாரைக் கையால் தளர்த்த வேண்டும். பனிச்சறுக்குக் கட்டைகளில் பூட்ஸைப் பூட்டும் பொறிகளைச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக், அதே உத்தியைப் பெடலுக்குக் கொண்டுவந்து 1984இல் விற்பனைக்கு விட்டது. மறு ஆண்டே பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கூண்டும் வாரும் அத்தோடு மெல்ல ஓரங்கட்டப்பட்டன.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990இல் கொண்டுவந்த எஸ்.பி.டி. பெடலுக்குத் தேவை வேறு இடத்திலிருந்து வந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர் அடிக்கடி இறங்குவார், சேற்றில் சைக்கிளைத் தள்ளுவார், தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார். நடக்க முடியாத ஷூ அவருக்கு ஆகாது. அதனால் கிளீட்டை உலோகத்தில் சிறிதாகச் செய்து, ஷூவின் அடிப்பகுதிக்குள் பதித்துவிட்டார்கள்.

இந்த இரண்டில் நகரவாசி யாருக்கு நெருக்கம்? மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய இடத்தில் இறங்கித் தள்ளுகிறோம். ஐப்பசி மழையில் தி. நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு போகிறோம். அலுவலகத்தின் அடித்தளத்தில் சைக்கிளை விட்டுவிட்டுப் படியேறுகிறோம். மலைக்காரரின் பிழைப்புதான் நமக்கும்.

கடையில் கேட்க வேண்டியது இதுதான்: கிளீட்டுக்கு எத்தனை திருகு? பந்தயச் சைக்கிளுக்கான வகையில் மூன்று. அது பெரிய பிளாஸ்டிக் முக்கோணம். ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஈரமான டைல்ஸ் தரையில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பது ஆபத்து, நடக்க நடக்க அதுவும் தேய்ந்துபோகும். எஸ்.பி.டி. வகையில் திருகு இரண்டுதான். நகரத்துக்கு இரண்டு திருகே சரி. எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் மூன்று திருகு வேண்டாம்.

பாதி தட்டை, பாதி கவ்வல்

இரு பக்கமும் கவ்வும் பெடலைவிட, ஒரு பக்கம் கவ்வலும் மறுபக்கம் தட்டையுமாக இருப்பதே தினசரி ஓட்டத்துக்கு நல்லது என்பது என் கருத்து. ஷிமானோவின் இ.எச்.500 இந்த வகை. அலுவலகத்துக்கு ஷூ, மாலையில் மளிகைக் கடைக்குச் செருப்பு என்று ஒரே சைக்கிளை ஓட்டலாம். நெரிசலில் தட்டைப் பக்கத்தில் கால் வைத்து ஊர்ந்துவிட்டு, சாலை காலியானதும் கவ்வும் பக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், சிக்னல் பச்சையாகும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று கால் நுனியால் தடவ வேண்டியிருக்கும். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும்.

பெடலைவிட முக்கியமான ஒரு தேர்வைப் பலர் கவனிப்பதில்லை. ஷிமானோவின் எஸ்.பி.டி. கிளீட்டில் இரண்டு வகை உண்டு. பெட்டியில் பெரும்பாலும் வருவது கறுப்பு நிற எஸ்.எச்.51, குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். வெள்ளி நிற எஸ்.எச்.56, பதற்றத்தில் காலை மேல்வாக்கில் கோணலாக இழுத்தாலும் பெரும்பாலும் விட்டுவிடும். பந்தயக்காரருக்கு இது குறை. நகரத்தில் கற்றுக்கொள்பவருக்கு இதுதான் வேண்டும். தனியாக வாங்க வேண்டியிருந்தாலும் வாங்கிவிடுங்கள். பெடலின் பிடியைத் தளர்த்த சிறு திருகு இருக்கும். 3 மி.மீ. அலன் கீயால் அதை முழுக்கத் தளர்த்திவிட்டே தொடங்குங்கள். க்ராங்க் பிரதர்ஸ், டைம் போன்ற நிறுவனங்களின் கிளீட்டும் அதே இரண்டு துளைகளில்தான் உட்காரும், ஆனால் ஷிமானோ பெடலில் மாட்டாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கிளீட்.

ஷூவைச் சாயங்காலத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். வாழ்நாள் முழுக்கச் செருப்பு போட்ட பாதம் விரல் பக்கம் அகன்றிருக்கும். சைக்கிள் ஷூக்களோ பெரும்பாலும் ஒடுக்கம். நீளம் சரியாக இருந்து சுண்டுவிரல் நெருக்கினால், அடுத்த அளவுக்குத் தாவாமல் அகல வகை இருக்கிறதா என்று கேளுங்கள். அடிப்பகுதி முழுக் கார்பனாக இருக்க வேண்டாம். நடக்கும்போது கொஞ்சம் வளையட்டும். நாடா வைத்த ஷூ என்றால், தொங்கும் நுனியைச் செருக இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலிப் பல்லில் போய் மாட்டும். பதித்த கிளீட்டும் பளபளப்பான கிரானைட்டில் கோடு போடும். மேசைக்கு அடியில் ஒரு சாதாரணச் செருப்பு இருப்பது அலுவலகப் பராமரிப்பாளருக்கும் உங்களுக்கும் நல்லது.

பொருத்துவது கடினமான வேலை இல்லை. கட்டைவிரல் பாதத்தோடு சேரும் இடத்தில் எலும்பு புடைத்திருக்கும். கிளீட் அதற்கு நேர்கீழே, அல்லது ஒரு பொட்டு பின்னால் வர வேண்டும். ஷூ கோணலாக நின்றால் முதலில் வலிப்பது முழங்கால். பெடலைக் கழற்றப் பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். சிலவற்றுக்கு அலன் கீ. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பது மெக்கானிக்குகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கழற்ற முயல்கிறவர்கள்தான் இறுக்கியே மரையைக் கெடுத்துவிடுவார்கள்.

நிற்கும்போது விழுவது

இந்தப் பெடலில் புதிதாக ஓட்டுகிறவர் விழுவது பெரும்பாலும் வேகமாகப் போகும்போது அல்ல. சிக்னலில் நின்ற பிறகு, எல்லோரும் பார்க்க, பக்கவாட்டில் மெதுவாகச் சாய்வார். ஒரு காலை விடுவித்திருப்பார். சைக்கிள் இன்னொரு பக்கம் சாய்ந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யூடியூப் காணொளிகளில் பல, வாகனங்கள் வலப்பக்கம் ஓடும் நாடுகளில் எடுத்தவை. சாலையோரம் அவர்களுக்கு வலப்பக்கம் என்பதால் வலது காலை ஊன்றிக் காட்டுவார்கள். நமக்கு ஓரம் இடப்பக்கம். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து, மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நின்றால் சைக்கிளும் இடப்பக்கமே சாயப் பார்க்கும். ஆகவே முதலில் விடுவிக்க வேண்டியது இடது கால். வலது கால் பூட்டியே இருக்கட்டும். வலது பெடலைச் சற்று மேலே நிறுத்தினால் ஒரே மிதியில் கிளம்பிவிடலாம். சுவரில் ஒரு கையை ஊன்றி, இடது காலை மாட்டி விடுவித்து, கால் தானாகச் செய்யும்வரை பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள். வந்த பிறகும், மாநகரப் பேருந்து நிறுத்தத்துக்கு முன்பே, ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் போகும்போது எந்நேரமும், இடது கால் விடுபட்டே இருக்கட்டும்.

பழகியவர்களையும் கவிழ்க்கும் ஒன்று இருக்கிறது. கிளீட்டின் இரண்டு திருகில் ஒன்று கழன்று விழுந்துவிட்டால், குதிகாலை எவ்வளவு திருப்பினாலும் ஷூதான் சுற்றும்; கிளீட் பெடலிலேயே கிடக்கும். அப்போது காலை உதறிப் பயனில்லை. ஓட்டிக்கொண்டே மறுகாலை விடுவித்து, அந்தப் பக்கம் ஊன்றி நின்று, மாட்டிக்கொண்ட ஷூவைத் தளர்த்திப் பாதத்தை மட்டும் உருவ வேண்டும். இது நேராமலிருக்க, திருகில் துளி கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். முதல் சில நாட்கள் ஓட்டியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குத் திருகின் தலைக்குழியில் மணல் அடைத்து, உப்புக் காற்றில் துருவும் சேரும். அலன் கீ முழுதாக உள்ளே இறங்காமல் வழுக்கும். ஊக்கு முனையால் மணலைக் கிளறி எடுத்துவிட்டு, பிறகு 4 மி.மீ. அலன் கீயைப் போடுங்கள்.