புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அரசேற்பு: குருவும் தேவியும் அரசுரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் நிகழ்வில் சமயக் குருமார்க்கும் வழிபாட்டுக்கும் உரிய இடம் யாது என்னும் வினாவை, புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அரசுரிமையை வழங்கியவர், அதற்குப் புனிதம் சேர்த்தவர், அதனை ஏற்பளித்தவர் ஆகிய மூவரும் வெவ்வேறானவர் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தொண்டைமான், முடிசூட்டு, சதாசிவ பிரம்மேந்திரர், பிரகதாம்பாள், நவராத்திரி, அம்மன் காசு

முன்னுரை

ஆட்சியேற்கும் ஒருவர்க்குச் சமயச் சான்றோர் வாழ்த்துரைப்பது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். 1789இல் வாசிங்டன் உறுதிமொழி ஏற்றபின் நியூயார்க்கு நகரின் புனித பவுல் சிற்றாலயத்தில் வழிபாடு நடைபெற்றது. அமெரிக்கப் பதவியேற்பு மேடையிலேயே குருமார் மன்றாட்டு நிகழ்த்தும் வழக்கம் 1937 முதல் தொடர்கிறது. எனினும் அந்நாட்டு அரசமைப்பு வேண்டுவது உறுதிமொழி ஒன்றையே. மன்றாட்டு அதற்கு அணியாக நிற்பது. இந்திய அரசமைப்பின் 60ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அன்றி உளமார உறுதி கூறலாம் என இரு வழிகளைத் தருகிறது. குருமார் எவர்க்கும் அதில் இடமில்லை. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் செங்கோல் அளிக்கப்பட்ட நிகழ்வு அண்மைக்காலத்தில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தில் எழுந்த வினாக்கள் பலவற்றுக்கும் இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட நடைமுறைச் சான்று புதுக்கோட்டையில் உண்டு.

முடி முந்தியது, மந்திரம் பிந்தியது

தொண்டைமான்கள் பழங்குடி வேந்தர் வழியினர் அல்லர். இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, கள்ளர் குலத்தவரான இரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைப் பகுதியின் ஆட்சியை அளித்தது 1686ஆம் ஆண்டளவில் ஆகும். சேதுபதி, தொண்டைமானின் உடன்பிறந்தாளை மணந்தவர். எனவே இவ்வரசின் தோற்றுவாய் வீரமும் மணவுறவும் மேலரசின் கொடையுமே. இவ்வாறு அமைந்த புதிய அரசுக்குத் தன்னினும் பழைய புனிதம் ஒன்று தேவைப்பட்டது என்பதை உணர்ந்தாலன்றிப் பின்வந்த நிகழ்வுகள் விளங்கா.

இரண்டாவது மன்னரான விசயரகுநாதராயத் தொண்டைமான் (1730-1769) குடுமியான்மலைச் சிகாநாதசுவாமி கோயிலில் முடிசூட்டப்பெற்றார். பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த தலம் அது. அரசுரிமைப் போட்டிக்கிடையே ஆட்சிக்கு வந்தவர்க்கு அத்தகைய பழம்பதி முடிசூட்டுக் களமானது இயல்பே.

அரசமரபு பெரிதும் போற்றுவதோ இம்முடிசூட்டை அன்று. அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1738இல், திருவரங்குளத்துக் காட்டில் மன்னர் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்றும், பேசா நோன்பு பூண்டிருந்த அத்துறவி தட்சிணாமூர்த்தி மந்திரத்தை மணலில் எழுதிக் காட்டினார் என்றும், மன்னர் அம்மணலைத் தம் மேலாடையில் முடிந்து அரண்மனைக்குக் கொணர்ந்தார் என்றும் அம்மரபு கூறும். அம்மணல் அரண்மனைத் தட்சிணாமூர்த்தி கோயிலில் வழிபடப்பெற்று வந்தது. மன்னர்க்கு உடனிருந்து நெறிகாட்டப் பிட்சாண்டார்கோயில் கோபாலகிருஷ்ண சாஸ்திரியைத் துறவி சுட்டினார் என்பதும் அம்மரபின் பகுதியே.

இங்கு நோக்கத்தக்கது காலவரிசை. குரு மன்னரை உருவாக்கவில்லை. முன்பே மன்னராயிருந்தவரை மாணாக்கராக்கினார். முடிசூட்டுச் சடங்கில் அவர் நிற்கவில்லை, வாய்திறந்து வாழ்த்தவுமில்லை. மணலை எடுத்துச் சென்றவர் மன்னர். அரசுரிமைக்குச் சமயத் துணையை வேண்டி முன்சென்றது அரசே என்பதை இக்கதை தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறது எனலாம்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெற்ற அரசு

சந்திப்பை ஒட்டி நவராத்திரி விழா அரசு விழாவாக வளர்ந்தது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அரசின் குலதெய்வம். விழா நாள்களில் மக்களுக்கு அரிசியும் அம்மன் காசும் வழங்கப்பெற்றன. ஒருபுறம் அமர்ந்த கோலத்துத் தேவியும் மறுபுறம் ‘விஜய’ என்னும் தெலுங்கு எழுத்தும் கொண்ட சிறு செப்புக்காசு அது, ஓரணாவுக்கு இருபது. கையில் வாங்கியவர்க்கு அது பிரசாதமாகவும், கடைத்தெருவில் செல்லும் நாணயமாகவும் இருந்தது. தேவியை இன்றும் அரைக்காசு அம்மன் என மக்கள் அழைப்பதற்கு இக்காசே காரணம். மன்னரின் பெயர் மறைந்தாலும் காசின் பெயர் தெய்வத்தோடு ஒட்டிக்கொண்டது.

முடிசூட்டு ஒருவர் வாழ்வில் ஒருமுறை நிகழ்வது. நவராத்திரியோ ஆண்டுதோறும் மன்னரைத் தேவியின்முன் நிறுத்தி, அவர் கொடையை மக்கள்முன் காட்டியது. ஆட்சியேற்பு வழிபாடு என்று புதுக்கோட்டையில் எதனையேனும் சிறப்பாகச் சுட்ட வேண்டுமாயின் இதனையே சுட்டுதல் தகும்.

1881இல் இராமச்சந்திரத் தொண்டைமான் ‘பிரகதாம்பாதாஸ்’ என்னும் பட்டத்தை ஏற்றார். திருவிதாங்கூரில் மார்த்தாண்டவர்மர் 1750இல் நாட்டைப் பத்மநாபர்க்கு ஒப்படைத்துப் பத்மநாபதாசரானதை இது நினைவூட்டும். ஆயினும் சூழல் வேறு. மார்த்தாண்டவர்மர் வெற்றிகளின் உச்சியில் நின்று அடிமையானவர். இராமச்சந்திரர் பட்டம் ஏற்ற காலத்தில் நிருவாகம் 1878இல் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரியின் கையிலும், மேலாண்மை ஆங்கிலேயர் கையிலும் இருந்தன. ஆட்சி சுருங்கச் சுருங்கத் தேவியின் அடிமை என்னும் பெருமை விரிந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வரசு உள்ளீடற்ற முடியாயிற்று என நிக்கலசு தர்க்சு கொண்ட முடிவு இங்குப் பொருந்துகிறது. ஆனால் சடங்கு வெற்றுச் சடங்காகிவிட்டது என்று அதிலிருந்து கொள்ளுதல் மிகை. அடுத்து வந்த அரசுரிமைச் சிக்கல் அதனைக் காட்டும்.

1928: மூன்று வாயில்கள்

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆசுத்திரேலியப் பெண்மணி மோலி பிங்கை மணந்தார். இம்மணத்தை ஆங்கில அரசு ஏற்கவில்லை. அவர்தம் மகனுக்கு அரசுரிமையும் கிட்டவில்லை. மன்னர் 1928இல் பாரிசில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று ஆறு வயதினரான இராசகோபாலத் தொண்டைமான் அரியணை ஏற்றப்பெற்றார். இங்கு அரசுரிமை மூன்று வாயில்களைக் கடக்க வேண்டியிருந்தது: குலம், தேவியின் வழிபாட்டுக்குரிய தகுதி, பேரரசின் ஏற்பு. கடைசி வாயிலின் திறவுகோல் ஆங்கிலேயரிடம் இருந்தது. எனினும் அவர்கள் மன்னரின் மகனை விலக்கி, ஐயத்துக்கு இடமற்ற இந்து வாரிசைத் தேர்ந்தமை, முதல் இரண்டையும் அவர்களாலும் புறக்கணிக்க இயலவில்லை என்பதைக் காட்டுகிறது. பாலகர் தாமே எந்த உறுதிமொழியையும் பொருளுணர்ந்து சொல்லக்கூடியவர் அல்லர். அவ்விடத்தைச் சடங்கே நிரப்பியது. முழு ஆட்சியுரிமை அவர்க்கு 1944இல்தான் வழங்கப்பெற்றது.

நான்கு ஆண்டுகளில் அவ்வுரிமையும் முடிந்தது. 1948 மார்ச்சு 3 அன்று புதுக்கோட்டை சென்னை மாகாணத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டமானது. மன்னரின் புதிய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. அங்குப் பொறுப்பேற்கும் ஆட்சியர்க்கு அரசாணையும் கையொப்பமும் போதும். பழைய அரண்மனை வளாகத்துத் தட்சிணாமூர்த்தி கோயிலில் வழிபாடு நின்றுவிடவில்லை. அரைக்காசு அம்மனை நாடித் திருக்கோகர்ணத்துக்கு வருவோரும் குறையவில்லை.