வெள்ளத்தில் நிற்பவருக்கு நாட்கூலி 560

செவிலிமேட்டுப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் மணலும் முட்புதரும்தான் தெரியும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை மழையில் நனைந்தபடி விலக்கிக்கொண்டிருந்த காக்கி உடுப்புக்காரர்கள் எல்லோரையும் மக்கள் 'போலீஸ்' என்றே அழைத்தார்கள். அவர்களில் ஊர்க்காவல் படையினரும் இருந்தார்கள். நம் காலனிப் பிள்ளைகள் பலர் போய்ச் சேரும் படை அது. உடுப்பு ஒன்றுபோல் இருந்தாலும் சம்பளம் ஒன்றில்லை.

தமிழ்நாட்டில் ஊர்க்காவல் படைக்கான சட்டம் 1963-ல் வந்தது. சீனப் போருக்குப் பிந்தைய காலம். வேறு தொழில் உள்ளவர்கள் ஓய்வு நேரத்தில் நாட்டுக்கு உதவட்டும் என்பது அன்றைய எண்ணம். அதனால்தான் அவர்களுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர். ஆனால் இன்று இதில் சேரும் நம் பிள்ளைக்கு வேறு தொழில் என்ன இருக்கிறது? தறிக்கூலி, கட்டட வேலை, சிப்காட்டில் ஒப்பந்த வேலை. என்றாவது ஒருநாள் காவலர் தேர்வில் இது கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில் சேருகிறார்கள். தன்னார்வம் என்ற சொல்லுக்குள் ஓய்வூதியமும் இல்லை, வருங்கால வைப்பு நிதியும் இல்லை.

இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பணி நிரந்தரம் கேட்க முடியாது. ஆனால் 30 நாள் வேலை செய்தால், காவலர் ஒருவரின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்கு ஈடாக வரும்படி நாட்படி தர வேண்டும் என்றது. அதன் பிறகு தமிழ்நாட்டில் நாட்படி 560 ரூபாய் ஆனது. ஆனால் ஒரு கையால் கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது. மாதத்துக்கு ஐந்து நாள்தான் வேலை என்று குறுக்கினார்கள். ஐந்து நாளுக்கு 2,800 ரூபாய். பத்து நாள் கொடுத்தாலும் 5,600-தான். இரண்டாம் நிலைக் காவலரின் அடிப்படைச் சம்பளம் 18,200 என்று வைத்துக்கொண்டால், அகவிலைப்படியைச் சேர்க்காமலே ஒரு நாளுக்கு 606 ரூபாய் வருகிறது. தீர்ப்பை எழுத்துப்படி நிறைவேற்றினால்கூட 560 போதாது.

செவிலிமேட்டைக் கடந்து போகும் தண்ணீர் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேருகிறது. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது அந்தக் கடற்கரை செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. கரையில் இருக்கும் கதையும் இதேதான். 1994-ல் தொடங்கிய கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு உதவியாக மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் எடுக்கிறார்கள். அலையும் நீரோட்டமும் பழகிய பிள்ளைகள். அவர்களுக்கும் இதே நாட்படிக் கணக்குத்தான். பக்கத்திலேயே மத்திய அரசின் இந்தியக் கடலோரக் காவல்படை இருக்கிறது. அங்கே கடைநிலையில் சேரும் நாவிக்குக்கு அடிப்படைச் சம்பளமே 21,700 ரூபாய். இருவர் இறங்குவதும் ஒரே கடலில்தான்.

'மீனவ இளைஞர்' என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கழிமுகத்தில் இறால் தடவும் இருளர்களும், கரையில் சுமை தூக்கும் தலித்துகளும் சுனாமி நிவாரணத்தின்போது பல இடங்களில் மீனவர் கணக்கில் வரவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் அதே பழைய பட்டியலைத்தான் கையில் எடுப்பார்களா? (மீனவத் தோழர்கள் வருந்த வேண்டாம். 560 ரூபாய்க்குக் கடலில் இறக்கப்படும் அவர்களோடு நமக்குப் பகை ஏது?)

சுனாமியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். 2004 டிசம்பரில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழுகத் தொடங்கிய உடல்களைச் சேற்றிலிருந்தும் முள்வேலியிலிருந்தும் எடுத்தவர்களில் பெரும்பங்கு, பல நகராட்சி, மாநகராட்சிகளிலிருந்து அனுப்பப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். அதாவது நம் மக்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. 2015 வெள்ளத்தில் சென்னைக்கும் அவர்களைத்தான் வெளி மாவட்டங்களிலிருந்து அழைத்து வந்தார்கள். உயிரோடு ஒருவரைத் தூக்கினால் அது மீட்பு, பதக்கம் கிடைக்கும். பிணமாகத் தூக்கினால் துப்புரவு. அதற்கு நாட்கூலி. இந்தப் பிரிவினையை எந்த அரசாணையும் எழுதவில்லை. சாதி எழுதி வைத்திருக்கிறது.

கடலோரக் காவல்படை வேலையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். பொதுப் பணி நாவிக் பதவிக்குக் கணிதம், இயற்பியலுடன் 12-ம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். சமையல், பரிமாறல் பிரிவுக்கு மட்டும் 10-ம் வகுப்பு போதும். பட்டியலினத்தவருக்கு வயதில் 5 ஆண்டு தளர்வு உண்டு. நம்மவர்கள் அந்தச் சமையல் பிரிவோடு நின்றுவிடக் கூடாது. 11-ம் வகுப்பில் என்ன பாடப்பிரிவு எடுப்பது என்பதிலேயே இது முடிவாகிவிடுகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊர்க்காவல் படையில் இருக்கும் தோழர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக உங்களுக்கு எத்தனை நாள் பணி ஒதுக்கினார்கள், எவ்வளவு படி கொடுத்தார்கள், வெள்ள நாட்களில் பார்த்த பணி பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். பெயர் வெளியே தெரியும் என்று தயங்குபவர்களுக்காக உங்கள் ஊர் அமைப்பே மனு எழுதட்டும். பதில் வந்ததும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு சேர்ந்து போவோம்.