இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தல்ல

துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்குபவர் என நம் பகுதியில் பலர் இடுப்பு வலியால் அவதிப்படுகிறார்கள். "அத்தா, அசையாம படுங்க" என்று அன்போடுதான் சொல்கிறோம். அந்த அன்பே சில நேரம் வலியை நீட்டித்துவிடுகிறது.

நாள்கணக்கில் படுத்தால் முதுகுத் தசைகள் தளரும், சிறு வேலையும் வலிக்கும், பயம் கூடும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியை 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது.

சுபுஹு தொழுததும் பத்து நிமிடம் நடக்கட்டும். வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டி அரை மணி நேரத்தை எட்டலாம். மறுநாள் வலி கூடினால் நேரத்தைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். வீட்டில் ஒருவர் துணைக்கு நடந்தால் பழக்கம் விடாது.

கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தை அடக்க முடியாமை, காய்ச்சல், கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளியே வர இயலாதவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி "படுங்க" என்பதற்குப் பதில், "வாங்க அத்தா, தெருமுனை வரை போய் வருவோம்" என்போம், இன்ஷா அல்லாஹ்.