தாத்தா ஆல்பத்தில் ‘ஆசாத் ஹிந்த்’ ஸ்டாம்ப் இருக்கா?

பழைய ஆல்பத்தில் ஆங்கில எழுத்தில் ‘ஆசாத் ஹிந்த்’ என்று அச்சான தபால்தலை இருந்தால், எந்த நாடுன்னு குழம்ப வேண்டாம். ‘சுதந்திர இந்தியா’ என்று பொருள். நேதாஜியின் இயக்கத்துக்காக 1943-இல் பெர்லின் அரசு அச்சகத்தில் அச்சானது. ஏர் உழும் விவசாயி, இராட்டை சுற்றும் பெண், அறுந்த சங்கிலியோடு இந்திய வரைபடம் என்று படங்கள். விலை அணா, ரூபாயில்.

ஆனால் இது தபாலுக்கு வெளியிடப்படவே இல்லை. அதனால், தபால் முத்திரை குத்தின ஸ்டாம்ப் என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் உஷாரா இருங்க.

நேதாஜியின் படையில் மலேயாத் தமிழர் பலர் சேர்ந்தாங்க. விற்கும் முன், இது வீட்டுக்கு எப்படி வந்ததுன்னு பெரியவங்களைக் கேட்டு எழுதி வையுங்க. விலையை அப்புறம்கூட விசாரிக்கலாம்.